வேலியோரத்தில் பிறந்த இனம்: மதலேன் மேடம் நினைவாக

சேதி வந்தபோது அடுப்பில் கார்மைன் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அசிட்டிக் அமிலத்தில் சிவப்புப் பொடியைப் போட்டு, பக்கத்திலேயே நின்று அரைமணி நேரம் காய்ச்ச வேண்டிய சாயம் அது. நடுவில் விட்டுப் போனால் பொங்கி வழிந்து மேடையைப் பாழாக்கிவிடும். கல்லூரிக் காவலாளி சன்னலுக்கு வெளியே நின்று, "ராசு அண்ணே, மதலேன் மேடம் காலையில பூசைக்குப் போயிட்டு வந்து நாற்காலியில உக்காந்தவங்க, அப்புறம் எந்திரிக்கலையாம்" என்றார். நான் "சரி" என்றேன். அடுப்பை அணைக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் கொதிக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடமும் கண்ணாடிக் குச்சியால் கிளறிக்கொண்டே நின்றேன். பிறகு இறக்கி, ஆறவைத்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிச் சீட்டு ஒட்டிவிட்டுத்தான் அழுதேன். பாதியில் விட்டிருந்தால் அவரே எழுந்து வந்து என்னைத் திட்டியிருப்பார்.

மதலேன் மேடத்தை அறிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். காரைக்கால் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தராக இருந்தவர். அண்ணன் பிரான்சுக்குக் கப்பலேறினார். மேடத்தையும் கூப்பிட்டார். "அங்க மணத்தக்காளி கிடைக்குமான்னு கேட்டேன், பதில் வரல. அதான் போகல" என்று மேடம் சொல்வார். பாதி விளையாட்டு, பாதி உண்மை. திருமணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்புகளுக்கு டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்து, சென்ற ஆண்டுதான் ஓய்வு பெற்றார். டாக்டர் பட்டம் கிடையாது. நான் அதே ஆய்வகத்தில் உதவியாளன். விழிதியூர் விவசாயக் குடும்பம், எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு. ஆகவே இந்தக் கட்டுரையில் தாவரவியல் சரியாக இருந்தால் அது மேடத்துடையது, தவறாக இருந்தால் என்னுடையது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். முதல் வாரம் முழுவதும் நான் அவரைப் பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, உதடு அசைய ஏதோ முணுமுணுப்பார். செபம் சொல்கிறார் என்று நானும் சத்தம் போடாமல் மரியாதையாக ஒதுங்கி நிற்பேன். ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டேன். "ஆன், தெ, த்ருவா, காத்ர்..." என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"தமிழ்ல எண்ணக் கூடாதா மேடம்?"

"எங்க அப்பா எனக்கு எண்ணக் கத்துக்குடுத்தது பிரெஞ்சுலதாங்க ராசு. தமிழ்ல எண்ணுனா நடுவுல யாராவது பேசுனா எண்ணிக்கை தப்பிடும். பிரெஞ்சுல எண்ணும்போது யாரும் குறுக்க வர மாட்டாங்க. நீங்களே ஒரு வாரம் வரலியே."

அவர் எண்ணியது குரோமோசோம்களை. ஒவ்வொரு உயிரின் செல்லுக்குள்ளும் நூல் துண்டுகளைப் போல இருப்பவை. ஒரு செடி எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அவற்றில்தான் எழுதியிருக்கிறதாம். ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை என்று எண்ணிக்கை உண்டு. அதைப் பார்க்க வேண்டுமென்றால், எள் அளவில் இருக்கும் பூமொட்டைக் காலை வெயில் ஏறுவதற்குள் பறித்து, ஆல்கஹாலும் அமிலமும் கலந்த பாட்டிலில் போட வேண்டும். மறுநாள் மொட்டைப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுச் சாயம் விட்டு, ஊசியால் குத்தி, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் செல் உடையும், குறைந்தால் ஒன்றன் மேல் ஒன்று படியும். மேடத்தின் வலது கட்டைவிரல் ரேகையில் எப்போதும் சிவப்பு ஏறியிருக்கும். நற்கருணை வாங்கப் போகும்போதுகூடச் சாமியார் அந்த விரலைப் பார்ப்பாராம்.

அவரிடம் ஓர் ஊசி இருந்தது. மூங்கில் கைப்பிடியில் செருகிய இரும்பு ஊசி. முனையிலிருந்து அடிவரை துரு. வேலை முடிந்ததும் அதை ஒரு தக்கையில் குத்தி வைப்பார். யாரும் தொடக் கூடாது. எனக்கோ ஆய்வகம் பளபளவென்று இருக்க வேண்டும். என் மேடையில் ஒரு கறை பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. இவ்வளவு படித்தவர் ஒரு நல்ல ஊசி வாங்கக் கூடாதா என்று மனதுக்குள் சலித்துக்கொள்வேன். அந்த ஊசி பின்னால் என் மானத்தை வாங்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

அவர் எடுத்துக்கொண்ட செடி, நாம் வாய்ப்புண்ணுக்குச் சாப்பிடுகிற மணத்தக்காளி. ஒன்று சின்னதாகக் கறுப்புப் பழம் பழுக்கிற வகை, அதற்கு இருபத்துநான்கு குரோமோசோம். இன்னொன்று செம்மஞ்சள் பழம் பழுக்கிற வகை, அதற்கு நாற்பத்தெட்டு. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேறு வேறு இனம். பெரிய கறுப்புப் பழம் பழுக்கிற மூன்றாவது வகை ஒன்றும் உலகத்தில் உண்டு, அதற்கு எழுபத்திரண்டு. முதலிரண்டும் கலந்து, எண்ணிக்கை இரட்டித்துத்தான் மூன்றாவது பிறந்திருக்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன என்றார். மருந்து வைத்து ஆய்வகத்தில் அப்படி இரட்டிக்கச் செய்துகாட்டியவர்களும் இருக்கிறார்களாம். ஆனால் வேலியோரத்தில், தானாக, கண்முன்னால் நடந்ததை அவருக்குத் தெரிந்து யாரும் பார்த்ததில்லை.

"புது இனம் உருவாக லட்சக்கணக்கான வருசம் ஆகும்னுதானே சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"விலங்குக்குப் பெரும்பாலும் அப்படித்தான். செடிக்குக் குறுக்கு வழி இருக்கு. ஒரே தலைமுறை போதும். அதை நான் ஒரு தடவை பாத்துடணும் ராசு."

இந்த ஆசைக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த ஆண்டுகள் அவை. எங்கள் காரைக்காலில் கிடையாது. தரங்கம்பாடிப் பக்கம் செம்மஞ்சள் வகை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆல்கஹால் பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். எல்லைச் சாவடியில் ஒரு காவலர் ஏறி மூக்கை உறிஞ்சினார். பையைத் திறக்கச் சொன்னார்.

"என்னம்மா இது?"

"சாராயந்தாங்க" என்றார் மேடம், சாந்தமாக. "மொட்டு ஊற வைக்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. காவலர் முகம் சிவந்துவிட்டது. எங்களை இறக்கினார். மேடம் பையிலிருந்து ஏற்கெனவே ஊறிய மொட்டுகள் கிடந்த இன்னொரு பாட்டிலை எடுத்துக் காட்டி, குரோமோசோம் என்றால் என்ன என்று அவருக்குக் கால்மணி நேரம் பாடம் நடத்தினார். பாடம் முடிந்ததும் காவலர், "எங்க வீட்டுக் கொல்லையில செவப்புப் பழம் பழுக்குற மணத்தக்காளி நெறைய கெடக்கும்மா, வந்து எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். அந்த வகையின் முதல் மொட்டுகள் மதுவிலக்குக் காவலர் வீட்டுக் கொல்லையிலிருந்துதான் வந்தன. மிச்சமிருந்த பழங்களை மேடம் தாளில் மடித்து எடுத்துவந்து, கல்லூரிக்கு வெளியே கீரை விற்கும் அஞ்சலைக்குக் கொடுத்தார்.

அஞ்சலை கோட்டுச்சேரிக்காரர். தினமும் காலை பஸ்ஸில் கீரைக் கூடையோடு வருவார். மேடமும் அவரும் பேச ஆரம்பித்தால் முதல் மணி அடித்த பிறகுதான் நிறுத்துவார்கள். அஞ்சலை அந்தப் பழங்களைத் தன் வீட்டு வேலியோரத்தில் நசுக்கிப் போட்டார். அங்கே கறுப்புச் சின்ன வகை முன்பே இருந்தது. ஒன்றிரண்டு வருடம் கழித்து ஒரு நாள் கூடையை இறக்கியபடியே புகார் சொன்னார்.

"டீச்சரம்மா, வேலியில ஒரு செடி ஆள் ஒசரத்துக்கு நிக்கிது. பூவாப் பூத்துக் கொட்டுது, ஒரு காய் புடிக்கல. மலட்டுச் செடி. நாளைக்குப் புடுங்கிப் போடப்போறேன்."

மேடம் கீரைக்கட்டைக் கீழே வைத்தார். "புடுங்காதீங்க அஞ்சலை. அந்த வார்த்தையும் சொல்லாதீங்க. அது மேல தப்பு இல்ல. உள்ள ஏதோ ஒத்துவரல, அவ்வளவுதான். நான் வந்து பாக்குறேன்."

அன்று மாலையே போனார். மறுநாள் காலை மொட்டு எடுத்தார். எண்ணினார். முப்பத்தாறு. சின்ன வகையிடமிருந்து பன்னிரண்டு, செம்மஞ்சள் வகையிடமிருந்து இருபத்துநான்கு. கலப்புச் செடி! ஆனால் ஏன் காய்க்கவில்லை என்பதை எனக்கு இப்படிச் சொன்னார்: மகரந்தமும் கருமுட்டையும் உண்டாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, பிறகு ஒழுங்காகப் பிரிய வேண்டும். இங்கே பாதிக்கு ஜோடியில்லை. "திருவிழாக் கூட்டத்துல செருப்பு கலைஞ்சு, எல்லாருக்கும் ஒத்தச் செருப்பு அகப்பட்டா எப்படி நடப்பாங்க? அந்த மாதிரிதான். மகரந்தம் எல்லாம் சாவி" என்றார். நெல்லில் பதரைச் சாவி என்போம் எங்கள் பக்கம். அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. ஒவ்வொன்றும் இன்னொரு மடங்கு ஆகிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்துவிடும், செடி காய்க்கும் என்றார். அது எப்போது நடக்கும் என்று கேட்டேன். நடக்காமலும் போகலாம் என்றார். வாரம் ஒரு முறை கோட்டுச்சேரி பஸ் ஏறினார். இரண்டு வருடம் ஏறினார். ஊரில் சிலர், கல்யாணம் ஆகாத டீச்சர் காய்க்காத செடியைப் பார்க்கப் போகிறார் என்று பேசியது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பஸ்ஸை மட்டும் விடவில்லை.

பிறகு அந்தப் பெரும்புயல் வந்தது. டெல்டாக் கரையில் அதைக் கண்டவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அஞ்சலையின் கூரை போனது, வேலி போனது, அந்தச் செடியும் முழங்கால் உயரத்தில் முறிந்து போனது. மேடம் முதலில் கூரைக்குக் கீற்று வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகுதான் செடியைப் பார்க்கப் போனார். "வேர் இருக்கு டீச்சரம்மா, பாப்போம்" என்று அஞ்சலைதான் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

முறிந்த கட்டையிலிருந்து நான்கு கிளைகள் துளிர்த்தன. மூன்று கிளைகள் பழையபடி பூத்துக் கொட்டின. நான்காவது கொஞ்சம் தடித்த இலை, பெரிய பூ. ஒரு நாள் முதல் வகுப்பு நடக்கும்போது அஞ்சலை ஆய்வகத்துக்குள்ளேயே வந்துவிட்டார். நாற்பது மாணவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மேடையில் கொட்டினார். கொட்டைப் பாக்கில் பாதியளவு, கறுப்புப் பழங்கள்.

"காய்ச்சிருச்சு டீச்சரம்மா!"

மேடம் ஒரு பழத்தை நகத்தால் பிளந்தார். உள்ளே விதை, நிறைய, கெட்டியாக. மாணவர்களிடம், "இன்னைக்கு வகுப்பு கோட்டுச்சேரியில" என்றார். நாற்பது பேரும் பஸ் பிடித்துப் போய் அந்த வேலியைச் சுற்றி நின்றார்கள். எங்கள் கல்லூரியில் அப்படியொரு வகுப்பு அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை.

மறுநாள் விடியலில் மொட்டெடுத்து, அதற்கடுத்த நாள் நுண்ணோக்கியில் அவர் எண்ணியபோது நான் பக்கத்தில் நின்றேன். ஜோடி ஜோடியாக எண்ணினார். கடைசியில், "த்ராந்த்-சீஸ்" என்றார். முப்பத்தாறு ஜோடி. எழுபத்திரண்டு. அவ்வளவு பெரிய விஷயத்தை மேசையைத் தட்டாமல், குரலை உயர்த்தாமல் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

முறிவு ஆறும் இடத்தில் ஒரு செல் பிரியப் போய், நடுச்சுவர் எழாமல், இரட்டிப்போடு ஒன்றாகவே நின்றுவிட்டது. அதிலிருந்து அந்தக் கிளை வந்தது. இதுதான் அவருடைய முடிவு. விதைகளைப் போட்டார், எல்லாம் முளைத்தன, எல்லாம் காய்த்தன. தாய் வகையோடும் தகப்பன் வகையோடும் மகரந்தம் சேர்த்துப் பார்த்தார். பிடித்த ஒன்றிரண்டு காயிலும் விதை சாவி. "தங்களுக்குள்ள சேர்ந்தா விளையுது, பெத்தவங்களோட சேர்ந்தா விளையல. அப்ப இது தனி இனம்தானே?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? "ஆமாம் மேடம்" என்றேன். ஆமாம் என்று சொல்ல வேண்டியவர் வேறு ஒருவர் இருந்தார்.

கட்டுரையை எழுதி ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினார். அவர்கள் அதைப் படித்து மதிப்பிட ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார்கள். பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இதிலேயே ஊறியவர். அவருடைய கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. சாரம் இதுதான்: படத்தில் தெரிவது ஒன்றன் மேல் ஒன்றாக நசுங்கிய இரண்டு செல்களாக இருக்கலாம். காய்த்த கிளை, பறவை போட்ட விதையிலிருந்து அதே இடத்தில் முளைத்த வேறொரு செடியாக இருக்கலாம். ஒரு டெமான்ஸ்ட்ரேட்டரின் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன்.

எனக்கு அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மேடம் மூன்று முறை படித்துவிட்டு, "அவர் கேக்குறது ஞாயம்தான். நானா இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். அதனால அவர் வந்து பாக்கணும்" என்றார். ஐந்து கடிதம் எழுதினார். ஐந்தாவதுக்கு, தஞ்சாவூர்ப் பக்கம் வரும்போது இரண்டு நாள் வருவதாகப் பதில் வந்தது.

இதற்குள் அந்தக் கட்டை வாட ஆரம்பித்திருந்தது. மணத்தக்காளி நெடுநாள் நிற்கிற செடி இல்லை. இலை மஞ்சள் பூத்தது. ஒரே வேரில் காய்க்காத கிளையும் காய்க்கிற கிளையும் நிற்பதுதான் பறவை விதை இல்லை என்பதற்கு ஒரே சாட்சி. அது பட்டுவிட்டால் மேடத்தின் பேச்சு வெறும் பேச்சு. அஞ்சலை தினமும் சாம்பலும் தண்ணீரும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். "வந்து பாத்துட்டு, இல்லைன்னு சொல்லிட்டா?" என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். "அப்ப, இத்தனை வருசமா நான் இல்லாததை எண்ணிக்கிட்டு இருந்தேன்னு ஆயிடும்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பேராசிரியர் வருகிறார் என்றதும் நான் என் பங்குக்கு ஆய்வகத்தைக் கழுவினேன். சன்னல் கம்பி வரை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். தக்கையில் குத்தியிருந்த துரு ஊசி கண்ணில் பட்டது. இதைப் பார்த்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார்! தூக்கிக் குப்பையில் போட்டேன். நாகப்பட்டினம் போய், வெள்ளியாய் மின்னுகிற துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் அரை டசன் வாங்கி வந்து வரிசையாக வைத்தேன். மேடம் பார்த்து, "பழசு எங்க?" என்று கேட்டார். "பத்திரமா இருக்கு மேடம்" என்று பொய் சொன்னேன். வேலை மும்முரத்தில் அவரும் புதியதையே எடுத்துக்கொண்டார்.

அன்று போட்ட தகடுகள் எல்லாம் வெளிறிப்போயின. குரோமோசோம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ரோஸ் நிறத்து மங்கல். சாயம் கெட்டுவிட்டது என்று புதிதாகக் காய்ச்சச் சொன்னார். காய்ச்சினேன். அதுவும் வெளிறல். மொட்டு தவறு என்று வேறு மொட்டு எடுத்தார். அதுவும் வெளிறல். மூன்று நாள். பேராசிரியர் வர ஒரு நாள் பாக்கி. மேடம் முக்காலியில் உட்கார்ந்து, "ராசு, ஒருவேளை நான் முன்னாடி பாத்ததே சரியில்லையோ?" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. கையில் இருந்த புது ஊசியையே பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேடம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"அந்தத் துருதாங்க மருந்து! கார்மைன் சாயத்துல கொஞ்சம் இரும்பு கலந்தாத்தான் குரோமோசோம்ல கெட்டியா ஒட்டும். அதுக்காகத்தான் அந்த ஊசியை வருசக்கணக்கா வளக்குறேன். நானும் ஒரு மடச்சி, இதை உங்ககிட்ட சொல்லல பாருங்க. எனக்கே மறந்துபோற அளவுக்குப் பழகிருச்சு."

குப்பை அதற்குள் போய்விட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். "எந்திரிங்க ராசு. கடக்கரை ஊர்ல துருவுக்கா பஞ்சம்?" என்றார். என் சைக்கிள் வாசலில் நின்றது. பின்சக்கரத்தில் ஒரு கம்பி துருவேறி, எப்போது வேண்டுமானாலும் ஒடியத் தயாராக இருந்தது. பிடுங்கி, கல்லில் தீட்டி, ஒரு மூங்கில் குச்சியில் செருகிக் கொடுத்தேன். முதல் தகட்டிலேயே குரோமோசோம்கள் கரிய சிவப்பில் எழுந்து நின்றன.

பேராசிரியர் வந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. நேராகக் கோட்டுச்சேரிக்குப் போனோம். கட்டையைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "வேரைப் பார்க்க வேண்டும்" என்றார். அஞ்சலை களைக்கொட்டை அவர் கையிலேயே கொடுத்தார்.

"நல்லா நோண்டிப் பாத்துக்குங்க சார். அறுத்துராதீங்க, உசுரு போயிரும்."

வெள்ளை வேட்டி மண்ணாக, மண்டியிட்டு விரலால் மண்ணை விலக்கினார். ஒரே கட்டை, ஒரே வேர். நான்கு கிளையும் அதிலிருந்துதான். எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். மறுநாள் காலை அவரே வந்து காய்த்த கிளையிலும் காய்க்காத கிளையிலும் மொட்டு பறித்தார், தன் பாட்டிலில் போட்டார். பாட்டிலைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம். மேடத்துக்கு இல்லை. "அப்படித்தான் இருக்கணும்" என்றார். ஊறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்பதால் இரண்டு நாள் மூன்று நாளானது.

மூன்றாம் நாள் ஆய்வகத்தில் காய்த்த கிளையின் மொட்டைப் பிரித்தவர், ஊசிக்குக் கை நீட்டினார். நான் சைக்கிள் கம்பியை நீட்டினேன். அதைப் பார்த்ததும் அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்தார். "துருப்பிடித்த ஊசி! என் வாத்தியாரும் இப்படி ஒன்றைத்தான் உயிராக வைத்திருந்தார்" என்றார். அந்த நிமிடமே எனக்குப் பாதி உயிர் வந்தது.

கண்ணை வைத்து எண்ணினார். நாங்கள் மூவரும் பின்னால் நின்றோம். நான், மேடம், அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்த அஞ்சலை. பேராசிரியர் தலையை நிமிர்த்தி, "முப்பத்தைந்து" என்றார். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடம் அசையவில்லை. "இன்னொரு செல் பாருங்க சார்" என்றார். அவர் தகட்டை நகர்த்தினார். எண்ணினார். மறுபடி நகர்த்தினார். மறுபடி எண்ணினார். ஆறு செல். பிறகு முதல் செல்லுக்கே திரும்பி வந்து, திருகைக் கொஞ்சம் திருப்பி, "ஒன்று அடியில் ஒளிந்திருக்கிறது" என்றார். முக்காலியை விட்டு எழுந்து மேடத்துக்கு இடம் விட்டு நின்றார்.

"முப்பத்தாறு ஜோடி. ஒன்றுகூடத் தனியாக இல்லை. எல்லாச் செல்லிலும் அதுதான். அம்மா, நீங்கள் பார்த்ததுதான் சரி. என்னுடைய கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கிழித்துவிடுகிறேன்."

"குடுக்க மாட்டேன் சார்" என்றார் மேடம். "சட்டம் போட்டு மாட்டப்போறேன். இந்தக் கடுதாசி இல்லாட்டி நான் இவ்வளவு கவனமா எண்ணியிருக்க மாட்டேன்."

அஞ்சலை கேட்டார், "அப்ப எங்க செடி புதுசுதானே சார்?"

"உலகத்துக்குப் புதிது என்று சொல்ல முடியாது அம்மா. ஆனால் உங்கள் வேலியில் அது புதிதாகப் பிறந்தது. பிறந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை."

அன்றைக்கு ஆய்வகத்தில் நாங்கள் போட்ட ஆட்டத்தை இங்கே எழுதினால் கல்லூரி நிர்வாகம் என்னை இப்போதும் விசாரிக்கும். கண்ணாடிக் குடுவையில் டீ காய்ச்சிக் குடித்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கட்டை அந்த மாதமே பட்டுப்போனது. தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போனது. கட்டுரை அச்சில் வந்தது. கடைசி வரியில் மூன்று பேருக்கு நன்றி சொல்லியிருந்தார்: பேராசிரியருக்கு, கோட்டுச்சேரி அஞ்சலைக்கு, துரு கொடுத்த சைக்கிளின் சொந்தக்காரருக்கு. அச்சாவதற்கு முன் இதழ்க்காரர்கள் மூன்றாவதை நீக்கச் சொல்லி எழுதினார்களாம். மேடம் மறுத்துவிட்டார். பேராசிரியரின் பழைய கடிதம் கடைசி வரை சட்டத்துக்குள் எங்கள் ஆய்வகச் சுவரில் தொங்கியது. இன்றும் தொங்குகிறது. வாரம் ஒரு முறை துடைக்கிறேன். சைக்கிள் கம்பி ஊசியை மட்டும் துடைப்பதில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மண் போட்டார்கள். அஞ்சலைக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. மகள் பிடித்துக்கொள்ள வந்து, ஒரு பிடி மணத்தக்காளிப் பழத்தைக் குழிக்குள் போட்டார். மண் போடத் தெரியாத அம்மா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அஞ்சலை நிமிர்ந்து, "இது எங்க வேலியில பொறந்தது. காய்க்காதுன்னு நான் புடுங்கப் போனேன். இவங்கதான் தடுத்தாங்க. இன்னைக்கு எங்க பாத்தாலும் நிக்கிது" என்றார். சாமியார் தானே குனிந்து, குழியோரம் சிதறிக் கிடந்த ஒரு பழத்தை எடுத்துக் குழிக்குள் போட்டார்.

மறுநாள் காலை காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். முன்பின் பார்த்திராத ஓர் இளம்பெண் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். போலகத்திலிருந்து வந்தவளாம். முளைக்கீரை, அரைக்கீரை என்று வரிசையாகக் கூவிக்கொண்டே வந்தவள், "டீச்சர் கீரை, டீச்சர் கீரை" என்றாள். நின்றுவிட்டேன். தடித்த இலை, பெரிய கறுப்புப் பழம்.

"எந்த டீச்சர்மா?"

"அதெல்லாம் தெரியாதுங்க சார். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நல்லாக் காய்க்கும். பழத்தை நசுக்கி எங்க போட்டாலும் வரும், எடுத்துக்கிட்டுப் போங்க."

இரண்டு கட்டு வாங்கினேன். ஒன்று சமையலுக்கு. மற்றொன்றின் மொட்டுகளை வெயில் ஏறுவதற்குள் பாட்டிலில் போட்டேன். மறுநாள் அதைத் தகட்டில் வைத்துத் துரு ஊசியால் குத்தி, கட்டைவிரலால் அழுத்தி, வாழ்க்கையில் முதல்முறையாக நானே எண்ணினேன். ஆன், தெ, த்ருவா. நடுவில் யாரும் குறுக்கே வரவில்லை. போய் வாருங்கள் மேடம். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. த்ராந்த்-சீஸ்.